சவரன் தராசும் புளியும்

அன்புள்ள ஐயா,

தாத்தாவின் இரும்புப் பெட்டியில் விரல் நீளத்தில் ஒரு பித்தளைக் கருவி கிடைத்தது. நடுவில் அச்சு. ஒரு முனை தடித்திருக்கிறது. மறுமுனையில் காசு உட்கார வட்டமான இடம், அதில் ஒரு பிளவு. கள்ளக் காசு பார்க்கும் தராசு என்கிறார் அப்பா. எடை பார்க்கப் பிளவு எதற்கு? பழைய பாத்திரக்காரர் எடைக்குக் கேட்கிறார். புளி போட்டுத் தேய்த்து வைத்துக்கொள்ளலாமா?

வாசகர், காரைக்குடி

அன்புள்ள நண்பருக்கு,

தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அப்பா சொன்னது சரி. அது ஆங்கிலேயரின் தங்க சாவரின் காசைச் சோதிக்கும் தராசு. நகைக்கடையில் 8 கிராமைச் சவரன் என்கிறோமே, அந்தச் சொல்லே இந்தக் காசின் பெயர்தான். 1918இல் பம்பாயிலும் இதை அச்சிட்டார்கள்.

நீங்கள் கேட்ட பிளவில்தான் அதன் மூளை இருக்கிறது. சாவரின் 22 காரட், எடை 7.988 கிராம், குறுக்களவு 22 மில்லிமீட்டர், தடிமன் ஒன்றரை மில்லிமீட்டர். ஈயத்தில் வார்த்துத் தங்கமுலாம் பூசுகிறவன் எடையைச் சரிக்கட்டிவிடலாம். ஆனால் ஈயம் தங்கத்தைவிட லேசு. அதே எடைக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பருமன் வேண்டும். காசு தடித்துவிடும், பிளவுக்குள் நுழையாது. பிளவில் நுழையும்படி மெலிதாக்கினால் எடை குறையும், காசு வைத்த முனை கீழே சாயாது. ஒன்றில் தப்பினால் மற்றொன்றில் மாட்டிக்கொள்வான். படிக்கல் இல்லை, கணக்கு இல்லை. கடையில் கூட்டம் நிற்கும்போதே ஒரு நொடியில் தீர்ப்பு. இவ்வளவு சிறிய பித்தளைத் துண்டில் இத்தனை யோசனையை அடக்கியவனை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

அதையும் ஏமாற்றிய உலோகம் ஒன்று உண்டு: பிளாட்டினம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது தங்கத்தைவிட மலிவு, ஆனால் அதைவிடக் கனம். செம்பு கலந்து எடையை இறக்கி, மேலே முலாம் பூசிவிட்டார்கள். அங்கே தராசு தோற்றது.

புளி வேண்டவே வேண்டாம். ஆங்கிலேயச் சட்டப்படி சாவரின் 7.938 கிராம்வரை தேயலாம். முழு எடைக்கும் அதற்கும் இடையே 50 மில்லிகிராம்தான் வித்தியாசம். அந்த நுட்பம் முழுவதும் தடித்த முனையின் எடையில் இருக்கிறது. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கத் தேய்க்க அது கரையும், தராசு பொய் சொல்லத் தொடங்கும். உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும். பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் மட்டும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

வீட்டில் பாட்டியின் பழைய சவரன் காசு இருந்தால் அதில் வைத்துப் பாருங்கள். முனை சாய்ந்ததா என்று எழுதுங்கள்.