மாதவிடாய் வலி: பொடியா, பெல்ட்டா, மாத்திரையா?

கேள்வி: என் மகளுக்கு 19 வயது, விடுதியில் தங்கிப் படிக்கிறாள். மாதவிடாய் வந்தால் முதல் இரண்டு நாள் சுருண்டு படுத்துவிடுகிறாள், வாந்தியும் வருகிறது. "மூன்றே மாதத்தில் மாதவிடாய்க் கோளாறு அடியோடு தீரும்" என்று ஒரு மூலிகைப் பொடிக்கு விளம்பரம் வருகிறது, விலை 2,400 ரூபாய். சூடும் அதிர்வும் தரும் பெல்ட் ஒன்று 1,800க்குக் கிடைக்கிறது. எதை வாங்கித் தரலாம்?
(ஒரு தாய், திண்டுக்கல்)

பதில்: பொடி வேண்டாம். அதில் என்ன கலந்திருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே அந்த விளம்பரம் இடிக்கிறது. மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் விளம்பரத் தடைச் சட்டம் 1954இல் வந்தது. பெண்களின் மாதவிடாய்க் கோளாறைச் சரிசெய்வதாக எந்த மருந்துக்கும் விளம்பரம் செய்யக் கூடாது என்று அதன் 3ஆவது பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. மூலிகை என்பதால் விலக்கு கிடையாது. சிலர் இதையே சத்துணவு என்று விற்பார்கள். டப்பாவின் முன்பக்கம் வலி பறந்துவிடும். பின்பக்கம் திருப்பினால் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று எறும்பு அளவு எழுத்தில் இருக்கும்.

மாதவிடாயின்போது கருப்பையின் உட்படலத்தில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் அதிகமாக உண்டாகிறது. கருப்பைத் தசையை அதுதான் இறுக்கிப் பிழிகிறது. வாந்தி, பேதிக்கும் பெரும்பாலும் அதுவே காரணம். ஐபுப்ரூஃபன், மெஃபெனமிக் அமிலம் போன்ற மாத்திரைகள் அது உண்டாவதையே குறைக்கின்றன. அதனால் நேரம் முக்கியம். "முடிந்தவரை பொறுத்துப் பார்க்கிறேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, வலி உச்சிக்குப் போனபின் விழுங்கினால் பலன் குறைவு. வலி தலைகாட்டும்போதே, சாப்பிட்டபின், மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன இடைவெளியில் எடுக்க வேண்டும். பாராசிட்டமால் இந்த வலிக்குக் கொஞ்சம் சோப்ளாங்கிதான்.

மருந்துக்கடையில் 'பீரியட்ஸ் மாத்திரை' என்று கேட்டால் கைக்கு வருவது பெரும்பாலும் மெஃபெனமிக் அமிலம் 250 மி.கி., தசைப்பிடிப்பைத் தளர்த்தும் டைசைக்ளோமின் 10 மி.கி. சேர்ந்த மாத்திரை. அது மருத்துவர் சீட்டுக்குத்தான் தர வேண்டிய மருந்து. மெஃபெனமிக் அமிலத்தால் அரிதாகக் கடுமையான ஒவ்வாமை வரலாம் என்று 2023இன் இறுதியில் இந்திய மருந்தியல் ஆணையம் எச்சரித்தது. சாப்பிட்டுச் சில வாரம் கழித்துக்கூட காய்ச்சலும் தோல் தடிப்பும் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். வயிற்றுப் புண், ஆஸ்துமா, சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் இந்த வகை மாத்திரைகளைக் கேட்காமல் தொடக் கூடாது. டெங்கு சந்தேகம் இருந்தாலும் அப்படித்தான்.

ஒருமுறை சீட்டு வாங்கிவிட்டால் பிராண்டுக்காகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. மக்கள் மருந்தகத்தில் மருந்தின் பெயரையும் அளவையும் சொல்லிக் கேளுங்கள், விலை வெகுவாகக் குறையும். இரண்டு மாத்திரையைக் கத்தரித்துத் தந்தால், காலாவதித் தேதி உள்ள துண்டா என்று பாருங்கள்.

பெல்ட்டில் வேலை செய்வது சூடுதான். அடிவயிற்றில் தொடர்ந்து இதமான சூடு இருந்தால் வலி மாத்திரைக்கு ஈடுகொடுக்கும் என்று ஆய்வுகளிலேயே தெரிந்திருக்கிறது. அதிர்வுக்குத் தனியாகக் காசு கொடுப்பது உங்கள் விருப்பம். சில நூறு ரூபாய் ரப்பர் வெந்நீர்ப் பையே போதும். கொதிக்கும் தண்ணீர் ஊற்றாமல், முக்கால் பைக்கும் குறைவாக நிரப்பி, காற்றை அழுத்தி வெளியேற்றிவிட்டு மூடி, துணி சுற்றி வைக்கச் சொல்லுங்கள். ரப்பர் வெடிப்பு விட்டிருந்தால் தூக்கிப் போட்டுவிடலாம். மின்சாரத்தில் சூடேறும் ஜெல் பையை, பிளக்கில் இருக்கும்போது மேலே வைக்கவே கூடாது.

மிச்சமாகும் காசில் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். மாத்திரைக்கும் அடங்காத வலி, வருடத்துக்கு வருடம் கூடும் வலி, மலம் கழிக்கும்போது வலி, அதிக உதிரப்போக்கு என்று எது இருந்தாலும் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது), நார்க்கட்டி போன்றவை இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். "கல்யாணம் ஆனால் சரியாயிடும்" என்று சொந்தக்காரர்கள் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் டென்ஸ் கருவியை ஆன்லைனில் வாங்கினேன். ஒரு பக்கம் வேலையே செய்யவில்லை. உடலில் படும் பொருள் என்று சொல்லித் திருப்பி எடுக்க மறுக்கிறார்கள். என்ன செய்வது?
(வாசகி, கோவை)

பதில்: டென்ஸ் ஏமாற்று வேலை இல்லை, மெல்லிய மின்துடிப்பால் வலி உணர்வைக் குறைக்கும், சிலருக்கு நன்றாகவே கேட்கும். (பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாது.) பிடிக்கவில்லை என்று திருப்புவது வேறு, பழுதான பொருளைத் திருப்புவது வேறு. பழுதான பொருளை வாங்க மறுக்க 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளில் இடமில்லை. வேலை செய்யாததை வீடியோ எடுத்து, அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். பில்லும் ஆர்டர் எண்ணும் கையில் இருக்கட்டும்.