அம்பு எங்கிருந்து கிளம்புகிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பல்கலைக்கழகத்தில் முதலாண்டு வேதியியல் படிக்கிறேன். கரிம வேதியியல்தான் என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. 120 வினைகளை அட்டைகளில் எழுதி மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் தேர்வில் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் கை நின்றுவிடுகிறது. சென்ற தேர்வில் மெத்தில் டெர்ட்-பியூட்டைல் ஈதரைத் தயாரிக்கும் வழி கேட்டிருந்தார்கள். வில்லியம்சன் தொகுப்பு (ஆல்காக்சைடும் ஹாலைடும் சேர்ந்து ஈதர்) என்று எழுதி, சோடியம் மெத்தாக்சைடையும் டெர்ட்-பியூட்டைல் புரோமைடையும் சேர்த்தேன். பூஜ்யம் போட்டுவிட்டார்கள். முறை சரிதானே? இறுதித் தேர்வுக்கு ஐந்து வாரம் இருக்கிறது. இன்னும் எத்தனை வினைகளை மனப்பாடம் செய்ய வேண்டும்?

ம.

அன்புள்ள ம.,

புதிதாக ஒன்றும் வேண்டாம். மனப்பாடத்தை இதோடு நிறுத்துங்கள். ஏன் என்பதற்கு உங்கள் ஈதரே போதும்.

மெத்தாக்சைடின் ஆக்சிஜனிடம் எலக்ட்ரான்கள் இருக்கின்றன. ஈதர் கிடைக்க வேண்டுமானால் அந்த ஆக்சிஜன், புரோமின் ஒட்டியிருக்கும் கார்பனை நேர் பின்பக்கமாக வந்து தொட வேண்டும். அந்தக் கார்பனைச் சுற்றி மூன்று மெத்தில் தொகுதிகள் நிற்கின்றன, பின்பக்கம் அடைபட்டுவிட்டது. மெத்தாக்சைடு சும்மா திரும்பிப் போகாது, அது வலுவான காரமும்கூட. வெளியே துருத்திக்கொண்டு ஒன்பது ஹைட்ரஜன்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைப் பறிக்கும். அந்த ஹைட்ரஜனைப் பிடித்திருந்த எலக்ட்ரான் இணை இரண்டு கார்பன்களுக்கிடையே இரட்டைப் பிணைப்பாக இறங்கும், புரோமைடு வெளியேறும். கிடைப்பது 2-மெத்தில்புரோப்பீன். இதுதான் நீக்க வினை.

இப்போது மாற்றிப் போடுங்கள்: பொட்டாசியம் டெர்ட்-பியூட்டாக்சைடு, மெத்தில் அயோடைடு. மெத்திலின் பின்பக்கம் திறந்திருக்கிறது. அதற்குப் பக்கத்துக் கார்பனே இல்லாததால் நீக்க வினைக்கும் வழியில்லை. ஈதர் வந்துவிடும். உங்கள் அட்டையில் ‘ஆல்காக்சைடு கூட்டல் ஹாலைடு, ஈதர்’ என்றுதான் இருந்திருக்கும். எந்தப் பக்கம் பருமனாக இருக்க வேண்டும் என்பது அட்டையில் இல்லை. எலக்ட்ரான்கள் எங்கே போகின்றன என்று அம்பு போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அந்த வளைந்த அம்பை 1922-இல் வேதியியலாளர்கள் கெர்மாக்கும் ராபின்சனும் எழுதத் தொடங்கினார்கள். அது காட்டுவது எலக்ட்ரான் இணையின் பயணத்தை மட்டும்தான், அணுவின் பயணத்தை அல்ல. எனவே அம்பின் வால், பிணைப்பில் சேராத ஒரு தனி இணையின் மீதோ பிணைப்பின் மீதோ இருந்தாக வேண்டும். மாணவர்கள் அதிகமாகச் செய்யும் பிழை, புரோட்டானிலிருந்து ஆக்சிஜனுக்கு அம்பு வரைவது. புரோட்டானிடம் கொடுக்க எலக்ட்ரானே கிடையாது. ஆக்சிஜனின் தனி இணையிலிருந்து கிளம்பி ஹைட்ரஜனில் முடிய வேண்டும். இரண்டாவது பிழை, கார்போனைல் கார்பனுக்கு (ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பில் இருப்பது) ஹைட்ராக்சைடிலிருந்து ஓர் அம்பு போட்டுவிட்டு அங்கேயே நிற்பது. கார்பனுக்கு ஐந்து பிணைப்பு ஆகிவிட்டது! புது இணை உள்ளே வரும்போதே பழைய இணை வெளியேற வேண்டும். இரட்டைப் பிணைப்பிலிருந்து ஆக்சிஜனுக்கு இரண்டாவது அம்பையும் போடுங்கள்.

ஒவ்வொரு படியிலும் இருபுறமும் மொத்த மின்சுமையைக் கூட்டிப் பாருங்கள். இடப்பக்கம் கழித்தல் 1 என்றால் வலப்பக்கமும் கழித்தல் 1. பொருந்தவில்லை என்றால் ஒரு தனி இணையை எங்கோ விட்டிருக்கிறீர்கள். அதேபோல் ஊடகத்தையும் கவனியுங்கள். அமில ஊடகத்தில் மெத்தில் எஸ்டரை நீராற்பகுக்கும்போது மெத்தாக்சைடை வெளியே தள்ளக் கூடாது. முதலில் அந்த ஆக்சிஜன் புரோட்டான் ஏற்று, பிறகு மெத்தனாலாகப் போகும். கார ஊடகத்தில் ஹைட்ரோனியத்தை எழுதினாலும் தவறுதான்.

மனப்பாடம் செய்யத் தகுந்தது அமிலத்தின் வலுவைச் சொல்லும் பிகேஏ எண்கள். ஏழெட்டு போதும். ஹைட்ரஜன் குளோரைடு கிட்டத்தட்ட கழித்தல் 7, ஹைட்ரோனியம் கழித்தல் 1.7, அசிட்டிக் அமிலம் 4.8, கார்பானிக் அமிலம் 6.4, ஃபீனால் 10, நீரும் ஆல்கஹாலும் ஏறக்குறைய 16, முனை ஆல்கைன் (முப்பிணைப்பு ஓரத்தில் இருப்பது) 25, அம்மோனியா 38. எண்ணில் ஒன்று கூடினால் அமிலத்தன்மை பத்து மடங்கு குறையும். சோடியம் ஹைட்ராக்சைடால் ஆல்கைனிலிருந்து ஹைட்ரஜனைப் பறிக்க முடியுமா? 25-க்கும் 16-க்கும் வித்தியாசம் 9. சமநிலை நூறு கோடி மடங்கு பின்பக்கம் சாய்ந்திருக்கும். சோடியம் அமைடு (அதன் அமிலம் அம்மோனியா, 38) வேண்டும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, கணக்கே சொல்லிவிடுகிறது. எது நல்ல வெளியேறும் தொகுதி என்பதையும் பெரும்பாலும் இந்த எண்களிலேயே படிக்கலாம். புரோமைடு சுலபமாகப் போகும், ஏனென்றால் ஹைட்ரஜன் புரோமைடு வலுவான அமிலம். ஹைட்ராக்சைடு போக மறுக்கும். அதனால்தான் ஆல்கஹாலோடு அமிலம் சேர்க்கிறோம், அப்போது வெளியேறுவது நீர்.

ஆய்வகத்திலும் இதே எண்கள்தான். பென்சாயிக் அமிலமும் ஃபீனாலும் ஈதரில் கலந்திருந்தால், சோடியம் பைகார்பனேட் கரைசலோடு குலுக்கினால் பென்சாயிக் அமிலம் (4.2) மட்டும் உப்பாகி நீருக்கு வரும். ஃபீனால் (10) கார்பானிக் அமிலத்தைவிட (6.4) வலுக்குறைந்தது, அதனால் ஈதரிலேயே தங்கிவிடும். சோடியம் ஹைட்ராக்சைடு ஊற்றினால் இரண்டும் சேர்ந்து நீருக்கு வந்துவிடும், பிரித்த பயன் போயிற்று. பைகார்பனேட்டோடு பிரிபுனலைக் குலுக்கும்போது கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் ஏறும். தலைகீழாகப் பிடித்து, குழாயைத் திறந்து அடிக்கடி வாயுவை விடுங்கள், அதன் முனை யார் முகத்துக்கும் நேராக இருக்கக் கூடாது.

அட்டைகளை மொத்தமாகத் தூக்கி எறிய வேண்டாம். வினைப்பொருள்களின் குணங்களுக்கு அவை பொருத்தமானவை. பி.சி.சி. (பிரிடினியம் குளோரோகுரோமேட்) முதல்நிலை ஆல்கஹாலை ஆல்டிஹைடில் நிறுத்தும், நீர் கலந்த குரோமிக் அமிலம் கார்பாக்சிலிக் அமிலம் வரை கொண்டுபோகும். சோடியம் போரோஹைட்ரைடு சாதாரணமாக எஸ்டரைத் தொடாது, லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடு விடாது. இவற்றை அம்பிலிருந்து ஊகிப்பது சிரமம், நெட்டுருப் போடுங்கள்.

மற்றவற்றுக்கு வெற்றுத்தாள். தினம் ஆறு கணக்குகள் போதும். ஒவ்வொன்றோடும் விடையைப் பார்க்காமல் பத்து நிமிடம் முட்டி மோதுங்கள். விடையைப் படித்து ‘ஓ, இதுதானா’ என்று தலையாட்டுவது படிப்பு ஆகாது, அந்த ஏமாற்றத்தில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். பார்த்தபின் மூடிவைத்துவிட்டு முதலிலிருந்து வரையுங்கள், மூன்று நாள் கழித்து மறுபடியும். தவறு நோட்டு ஒன்று வைத்து, எந்த அம்பு ஏன் தவறியது என்று ஒரே வரியில் எழுதுங்கள். ‘மூன்றாம் நிலைக் கார்பன், பின்பக்கம் அடைப்பு’ என்று உங்கள் ஈதர் முதல் வரியாகட்டும்.

முதல் இரண்டு வாரம் அமில-கார வினைகளுக்கும் பதிலீடு, நீக்க வினைகளுக்கும். அடுத்த இரண்டு வாரம் கார்போனைலுக்கு. பாடத்தில் அதற்குத்தான் இடம் அதிகம். கடைசி வாரம் பழைய வினாத்தாள்கள், கடிகாரத்தை வைத்துக்கொண்டு. மூலக்கூறு மாதிரிகள் செய்யும் பெட்டியைத் தேர்வறைக்குள் அனுமதிப்பார்களா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். அனுமதி உண்டென்றால் முப்பரிமாணக் கேள்விகளைத் தாளில் மட்டும் பழகாமல், பந்தும் குச்சியும் கையில் வைத்தே பழகுங்கள்.