கேமரா மேலே, கம்ப்யூட்டர் மூலையிலே

கேள்வி: எங்கள் கேரம் கிளப்பில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களை யூடியூபில் நேரலையாகப் போடுகிறோம். போர்டுக்கு நேர் மேலே யூஎஸ்பி 3.0 கேமரா, கம்ப்யூட்டர் மூலை மேஜையில். நடுவில் கேமராவோடு வந்த 1 மீட்டர் கேபிளும், கடையில் வாங்கிய 5 மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிளும். ரெட்டைப் போட்டு ஃபாலோ அடிக்கிற நேரம் பார்த்துப் படம் அப்படியே நின்றுவிடுகிறது, சில நாள் மங்கலாக வருகிறது. ரீடிரைவர் என்ற சிப் வைத்த கேபிள் போட்டால் சரியாகிவிடும் என்கிறான் கிளப் தம்பி ஒருவன். வாங்கலாமா?
- வாசகர், வியாசர்பாடி

பதில்: தம்பி சொல்வதில் விஷயம் இருக்கிறது. ஆனால் காசு கொடுக்கும் முன் ஒரு லேப்டாப்பை ஸ்டூல் மேல் ஏற்றி, அந்த 1 மீட்டர் கேபிளிலேயே கேமராவை நேராகச் செருகி அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். நிற்காமல் ஓடினால் குற்றவாளி எக்ஸ்டென்ஷன்தான்.

யூஎஸ்பி 3.0-இன் வேகம் நொடிக்கு 5 கிகாபிட். செம்புக் கம்பியில் அதிர்வெண் கூடக் கூட இழப்பும் கூடும், அதனால் சாதாரண கேபிளில் 3 மீட்டர் வரைதான் நம்பலாம். நீங்கள் 6 மீட்டர் ஓட்டுகிறீர்கள். வேக இணைப்பு நிலைக்கவில்லை என்றால் கேமரா யூஎஸ்பி 2.0-க்கு இறங்கிவிடும், அதாவது 480 மெகாபிட். சுருக்காத 1080 படம் நொடிக்கு 60 ஃபிரேம் வர சுமார் 2 கிகாபிட் வேண்டும், அப்புறம் படம் மங்காமல் என்ன செய்யும்?

ரீடிரைவர் என்பது மைக் செட்டில் ட்ரெபிளை மட்டும் ஏற்றுகிற மாதிரி, கேபிள் தின்றுவிட்ட மேல் அதிர்வெண்களைத் தூக்கி விடுகிற ஒரு சின்ன சிப். ஆனால் அதற்கு சிக்னல் எது, இரைச்சல் எது என்று தெரியாது, இரண்டையும் சேர்த்தே தூக்கும். ஏற்கெனவே செத்துப்போன சிக்னலுக்கு அது உயிர் கொடுக்காது. தரவைப் படித்துப் புதுசாகத் திரும்ப அனுப்புவது ரீடைமர், அது வேறு ஜாதி, விலையும் கூட.

ஆகவே இரண்டு சாதாரண எக்ஸ்டென்ஷனை ஒட்டுப்போட்டு நடுவில் ஒரு ரீடிரைவர் டப்பாவை மாட்டாதீர்கள் (நான் மாட்டினேன், ஹார்ட் டிஸ்க் பாதி காப்பியில் காணாமல் போனது). சிப் உள்ளேயே இருக்கிற 5 மீட்டர் ஆக்டிவ் கேபிள் ஒன்று, அதன் முனையில் கேமராவின் குட்டி கேபிள், அவ்வளவுதான் இருக்க வேண்டும். தனியாக அடாப்டர் செருகத் துளை உள்ளதாகப் பாருங்கள், மெல்லிய கம்பியில் 5 வோல்ட் அவ்வளவு தூரம் போவதற்குள் குறைந்துவிடும், சிப்புக்கும் கொஞ்சம் கரண்ட் வேண்டும்.

இல்லையென்றால் மேஜையைப் போர்டுப் பக்கம் தள்ளிப்போட்டு எக்ஸ்டென்ஷனையே கழற்றிவிடுங்கள். செலவே கிடையாது, ஸ்கோர் எழுதுகிறவர்தான் இடம் போச்சு என்று முறைப்பார்.