மகளுக்கு எந்தப் பிரிண்டர்?

கேள்வி: மகள் பொறியியல் முதலாண்டு சேர்ந்திருக்கிறாள். ஹாஸ்டலில் வைத்துக்கொள்ள பிரின்ட், ஸ்கேன், ஜெராக்ஸ் மூன்றும் செய்யும் பிரிண்டர் கேட்கிறாள். கடையில் 4,000 ரூபாய்க்கும் இருக்கிறது, 13,000 ரூபாய்க்கும் இருக்கிறது. விலை குறைந்தது போதாதா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: மாதம் இருபது, முப்பது பக்கம்தான் என்றால் இரண்டுமே வேண்டாம், கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையே லாபம். அதற்கு மேல் போகும் என்றால் 13,000 ரூபாய் இங்க் டேங்க் மாடலை (பாட்டிலிலிருந்து மையைத் தொட்டியில் ஊற்றி நிரப்பும் வகை) வாங்குங்கள். 4,000 ரூபாய் பிரிண்டரின் சிறிய கறுப்பு கார்ட்ரிட்ஜ் (மை அடைத்த டப்பா) நூற்றுச் சொச்சம் பக்கத்தில் தீர்ந்துவிடும். புதிது 700 ரூபாய் என்றால் பக்கத்துக்கு ஐந்தாறு ரூபாய் ஆகிறது. டேங்க் மாடலில் ஒரு கறுப்பு பாட்டில் 4,500 முதல் 6,000 பக்கம் வரை வரும் என்பது கம்பெனிக் கணக்கு. கிராஃப், படம் அதிகமானால் குறையும். அப்படியும் மைச் செலவு தாள் விலையைத் தொடாது. பக்கத்துக்கு 5 ரூபாய் மிச்சம் என்று வைத்தால், கூடுதலாகக் கொடுக்கும் 9,000 ரூபாய் 1,800 பக்கத்தில் ஈடாகிவிடும். நான்காண்டுப் படிப்புக்கு அது பெரிய எண்ணிக்கை இல்லை.

மை வகையைக் கேட்டு வாங்குங்கள். டேங்க் மாடல்களில் எப்சன் எல்3250-இல் நான்கு மையும் டை வகை (நீரில் கரையும் சாயம்). படத்துக்கு நல்லது, ஆனால் ஈரக்கை பட்டால் எழுத்து கலையும். கேனன் ஜி3010-இல் கறுப்பு மட்டும் பிக்மென்ட் (நீரில் கரையாத நுண்துகள் மை). ரிப்போர்ட்டில் ஹைலைட்டர் ஓட்டினாலும் அவ்வளவாக ஈஷாது. ஹெட் (தாளில் மையைத் தெளிக்கும் பாகம்) போனால் நாமே மாற்றவும் முடியும். எழுத்து வேலை மிகுந்த மாணவிக்கு இரண்டாவதையே சொல்வோம்.

வைஃபை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்டு லாகின் பக்கம் திறக்கும் ஹாஸ்டல் வைஃபையில் பிரிண்டர் சேராது. வைஃபை டைரக்ட் (ஹாஸ்டல் வைஃபை இல்லாமலே போனும் பிரிண்டரும் நேராக இணையும் வசதி) உள்ள மாடலா என்று பாருங்கள். இல்லையேல் யூஎஸ்பி கேபிள்தான். ஊருக்குத் திரும்பும்போது டேங்க் பிரிண்டரைச் சாய்த்தோ படுக்கவைத்தோ எடுத்து வரக்கூடாது, மை கொட்டிவிடும்.

கேள்வி: செமஸ்டர் லீவு முடிந்து வந்து பார்த்தால் இங்க் டேங்க் பிரிண்டரில் எழுத்து கோடு கோடாக வெளிறி வருகிறது. மை நிறைய இருக்கிறது. ஏன்?
- மாணவர், கோவை

பதில்: ஹெட்டில் மை காய்ந்திருக்கிறது. பிரிண்டரின் பவர் பட்டனை அழுத்தி அணைத்தால் ஹெட் வலது ஓரம் போய் ரப்பர் மூடியின் மேல் உட்காரும். பிரின்ட் ஓடும்போதோ முடிந்த கையோடோ சுவர் ஸ்விட்சை அணைத்தால் பாதி வழியில் திறந்தபடி நின்றுவிடும். காற்றுப் பட்டு நுண்துளைகள் அடைபடும்.

முதலில் நாசில் செக் பக்கம் (நுண்துளைகள் அடைத்திருக்கிறதா என்று காட்டும் சோதனைப் பிரின்ட்) எடுங்கள். கட்டங்களில் கோடு விட்டிருந்தால் ஹெட் கிளீனிங் ஒருமுறை, மறுபடி நாசில் செக். மூன்று தடவைக்கு மேல் போகாதீர்கள். ஒவ்வொரு கிளீனிங்கிலும் மை, உள்ளே கழிவு மையை உறிஞ்சும் பஞ்சுக்குப் போகிறது. பஞ்சு நிறைந்தால் மிஷின் எரர் காட்டி நின்றுவிடும், பல மாடல்களில் சர்வீஸ் சென்டரில்தான் அதை மாற்ற முடியும். மூன்றாவதிலும் தெளியவில்லை என்றால் பட்டனில் அணைத்து 12 மணி நேரம் விடுங்கள். காய்ந்த மை இளகி, அடுத்த கிளீனிங்கில் பெரும்பாலும் வந்துவிடும். இனி வாரம் ஒரு கலர் பக்கமாவது எடுங்கள்.