ஒரே கிருமி என்றால் ஒரே வீட்டிலிருந்து வந்ததா?

கேள்வி: எங்கள் தெருவில் முதலில் என் மாமியாருக்குக் காலரா வந்தது. மூன்று நாள் கழித்து எதிர்வீட்டுப் பெரியவருக்கும் வந்தது. இரண்டு ரிப்போர்ட்டிலும் 'விப்ரியோ காலரே ஓ1, ஒகாவா' என்றே போட்டிருக்கிறது. "உங்க வீட்டிலிருந்துதான் பரவிச்சு" என்கிறார்கள். அந்த வரி அதற்குச் சாட்சியா, டாக்டர்?

பதில்: இல்லவே இல்லை. ஓ1 என்பது கிருமியின் மேலுறையைக் குறிக்கும் எண். அதற்குள் ஒகாவா, இனாபா என்று முக்கியமாக இரண்டு வகைதான். உலகில் எங்கே காலரா வந்தாலும் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் ரிப்போர்ட்டில் இருக்கும். இரண்டு பேருக்கு முருகன் என்று பெயர் இருந்தால் அண்ணன் தம்பி ஆகிவிடுவார்களா?

கிருமியின் பூர்வீகம் தெரிய அதன் மரபணுவைப் பார்க்க வேண்டும். ஹைட்டி நாட்டில் நடந்ததைச் சொன்னால் உங்களுக்குப் புரியும். குறைந்தது ஒரு நூற்றாண்டாகக் காலரா பதிவாகாத நாடு அது. 2010 ஜனவரியில் நிலநடுக்கம், அக்டோபரில் காலரா. நிலநடுக்கமும் கடல் வெப்பமும் உள்ளூர்க் கிருமியைக் கிளப்பிவிட்டன என்று சில விஞ்ஞானிகள் கருதினார்கள். ஆனால் நோய் தொடங்கியது இடிந்த தலைநகரிலோ கடலோரத்திலோ அல்ல. உள்நாட்டில், மிரபலே என்ற ஊருக்கு அருகே ஓடும் சிற்றாற்றங்கரையில். அதன் கரையில் ஐ.நா. அமைதிப்படை முகாம் ஒன்று இருந்தது. அந்த அக்டோபரில்தான் நேபாளத்திலிருந்து புதிய வீரர்கள் வந்து இறங்கியிருந்தார்கள்.

முதல் சோதனை, நொதியால் டி.என்.ஏ.வை வெட்டி, துண்டுகளை ஜெல்லில் ஓடவிட்டுப் பட்டைகளை ஒப்பிடுவது. ஹைட்டி நோயாளிகளின் கிருமிகளில் பட்டைகள் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. உள்ளூரில் நெடுநாள் வாழ்ந்த கிருமியாக இருந்தால் கிளை கிளையாகப் பிரிந்திருக்கும். ஆக, வெளியிலிருந்து ஒரே தடவை நுழைந்தது என்ற சந்தேகம் வலுத்தது. அடுத்து முழு மரபணு வரிசையைப் படித்தபோது, தென் அமெரிக்க ரகத்தோடு ஒட்டாமல் தெற்காசிய ரகத்தோடு ஒட்டியது. ஆனால் தெற்காசியாவிலிருந்து ஒப்பிடக் கையில் இருந்தவை வங்கதேச மாதிரிகள்தான். 2011இல் நேபாளத்தின் 24 மாதிரிகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். அவற்றில் சில, ஹைட்டிக் கிருமியிலிருந்து ஓரிரண்டு டி.என்.ஏ. எழுத்துகளில் மட்டுமே வேறுபட்டன. சுமார் 40 லட்சம் எழுத்துகளில் ஓரிரண்டு!

அப்போதும் மரபணு சொன்னது "இவை நெருங்கிய உறவு" என்பதை மட்டும்தான். முகாமின் கழிவு ஆற்றில் கலக்க வழி இருந்தது, நோய் ஆற்றோடு கீழே இறங்கியது, நாட்கள் பொருந்தின. களத்தில் நடந்து விசாரித்தவர்கள் சேர்த்த இந்தத் தகவல்கள்தான் வழக்கை முழுமையாக்கின. நோயின் தொடக்கத்தில் தனக்குப் பங்கு உண்டென்று ஐ.நா. 2016இல்தான் ஒப்புக்கொண்டது. அதற்குள் சுமார் பத்தாயிரம் உயிர்கள் போயிருந்தன. எனக்கு இன்றும் மனம் ஆறாத விஷயம் இது.

உங்கள் தெருவுக்கு வருவோம். உங்கள் மாமியாரின் கிருமியையும் பெரியவரின் கிருமியையும் முழுமையாகப் படித்தாலும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். இவரிடமிருந்து அவருக்குப் போயிருந்தாலும் அப்படித்தான்; இருவரும் ஒரே குழாய்த் தண்ணீரைக் குடித்திருந்தாலும் அப்படித்தான். காலரா சில மணி நேரத்திலும் வரலாம், ஐந்து நாள் கழித்தும் வரலாம். ஒரே நாளில் ஒரே குடத்துத் தண்ணீரைக் குடித்தவர்கள்கூட மூன்று நாள் இடைவெளியில் படுக்கலாம். கிருமி தொற்றியும் அறிகுறியே இல்லாமல் நடமாடுகிறவர்கள் நிறைய. முதலில் படுத்தவர்தான் முதலில் தொற்றியவர் என்று சொல்ல முடியாது.

சோதனையால் பயன் வேறு விதத்தில் உண்டு. கிருமிகள் தெளிவாக வேறுபட்டால், ஒருவரிடமிருந்து மற்றவருக்கு வரவில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். பக்கத்து ஊர்களிலும் நோய் இருந்தால் தொடர்பைத் தேடலாம். அதற்கு, வளர்த்த கிருமியை லேபில் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கொட்டிவிட்டார்களா என்று இன்றே கேளுங்கள். இனி யாருக்காவது பேதி கண்டால், ஆன்டிபயாடிக் கொடுப்பதற்கு முன்பே மலமாதிரி எடுக்கச் சொல்லுங்கள். அதற்காக உப்புச் சர்க்கரைக் கரைசலை ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள்.

எதிர்வீட்டாரையும் அழைத்துக்கொண்டு சுகாதார ஆய்வாளரிடம் போங்கள். யாருக்கு எந்தத் தேதியில் வந்தது, யார் எந்தக் குழாயில் பிடித்தார்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். சாக்கடையை ஒட்டிப் போகும் குழாயில் உடைப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தெருவின் கடைசிக் குழாயில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கிறதா என்று உங்கள் கண்முன்னே சோதிக்கச் சொல்லுங்கள். அதுவரை இரண்டு வீட்டிலும் கொதிக்கவைத்த தண்ணீர்தான்.