மாடிப்படி ஏறினாலே படபடப்பு, எப்படி நடப்பது?

கேள்வி: வயது 34. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் ஆறு மாதமாக மாத்திரை சாப்பிடுகிறேன். "தினமும் நடங்க" என்கிறார் டாக்டர். படுக்கையை விட்டு எழவே முடியவில்லை. மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடத்துப் பயம் வந்துவிடுகிறது. நடன அசைவு சிகிச்சை என்று ஒன்று இருக்கிறதாமே, அதில் சேர்ந்தால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன்: நீங்களாக நிறுத்த வேண்டாம். சட்டென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் கேடு வரலாம். குறைப்பதென்றாலும் டாக்டர் பார்த்துப் படிப்படியாகத்தான்.

எழ முடியாதது சோம்பல் இல்லை, நோயின் அறிகுறி. (வீட்டில் யாராவது சோம்பேறி என்றால் இந்தப் பதிலைக் காட்டுங்கள்.) ஆனால் உற்சாகம் வந்த பிறகு நடக்கலாம் என்று காத்திருந்தால் அது வராது. மனச்சோர்வில் வரிசை தலைகீழ்: முதலில் அசைவு, அப்புறம்தான் உற்சாகம். அரை மணி நேர நடையை இப்போது மறந்துவிடுங்கள். முதல் வாரம் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்த் திரும்பினால் போதும். அன்று மனசு எப்படி இருந்தது என்று பார்க்காதீர்கள். போனீர்களா, காலண்டரில் ஒரு டிக்.

படபடப்புக்கு வருவோம். படி ஏறும்போதும் பயப்படும்போதும் உடம்பு செய்வது ஏறக்குறைய ஒன்றுதான்: இதயம் வேகமாகத் துடிக்கும், மூச்சு வாங்கும், வியர்க்கும். மூளை அதை ஆபத்து என்று தப்பாகப் படிக்கிறது. ரத்தசோகை, தைராய்டு, இதயக் கோளாறு எதுவும் இல்லை என்று பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஒன்றும் இல்லையென்றால் வேண்டுமென்றே பத்துப் படி ஏறி, அங்கேயே நில்லுங்கள். உள்ளே ஓடிப் படுத்துவிடாமல், துடிப்பு தானாக அடங்குவதைக் கவனியுங்கள். இரண்டு நாள் கழித்துப் பதினைந்து படி. இப்படித்தான் மூளை பாடம் கற்கும்.

நடன அசைவு சிகிச்சை, அதாவது உடல் அசைவு வழியாக மனநலத்துக்கு உதவும் முறை, புதிதல்ல. 1942-லேயே வாஷிங்டனின் செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனையில் மரியன் சேஸ் என்ற நடனக் கலைஞர் இதை நோயாளிகளோடு செய்தார். ஆடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் டான்ஸ் கிளாஸ் எல்லாம் சிகிச்சை ஆகாது. நடத்துபவர் எங்கே பயிற்சி பெற்றார் என்று கேளுங்கள். கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். 218 ஆய்வுகளைத் தொகுத்து 2024-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த கட்டுரையில், மனச்சோர்வைக் குறைப்பதில் நடை, யோகா, எடைப் பயிற்சி, நடனம் எல்லாமே பலன் தந்திருக்கின்றன. பிடித்ததைச் செய்யுங்கள்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் நடைப்பயிற்சியை நம்பி உட்காராமல் உடனே டாக்டரிடம் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416 எந்த நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.