திருக்காட்சிப் பெருவிழா: கேட்டதும் சொன்னதும்

பதில் சொல்பவர் குன்னூரில் மறைக்கல்வி நடத்தியவர்.

ஊட்டி, கல்லூரி மாணவி: சிறுகதை வகுப்பில் ‘எபிபனி’ என்கிறார்கள். கிறிஸ்தவக் கோவிலில் கொண்டாடும் எபிபனிக்கும் இதற்கும் என்ன உறவு?

கிரேக்கச் சொல், வெளிப்படுதல் என்று பொருள். குழந்தை இயேசு பிற இனத்தாருக்கு வெளிப்பட்ட விழா என்பதால் அந்தப் பெயர். கத்தோலிக்கர் திருக்காட்சி என்கிறோம்; தென்னிந்தியத் திருச்சபையார் பிரசன்னத் திருநாள் என்கிறார்கள். இயேசு சபைப் பள்ளியில் படித்த ஜேம்ஸ் ஜாய்ஸ் அதைக் கதைக்குள் கொண்டுவந்தார்: சாதாரணப் பேச்சோ பொருளோ சட்டென்று தன் உள்ளியல்பைக் காட்டிவிடும் கணம். தொலைந்த சாவி கிடைத்ததற்கெல்லாம் அந்தச் சொல்லைச் செலவழிக்காதீர்கள்.

கோத்தகிரி வாசகர்: இந்த விழாவில் நினைவுகூரும், குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று அரசர்களின் பெயர்கள்?

கஸ்பார், மெல்கியோர், பல்தசார். மத்தேயு நற்செய்தியில் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை, அரசர் என்பதும் இல்லை. கிறிஸ்துமஸ் குடிலில் பார்த்ததை விவிலியத்தில் படித்ததாக எண்ண வேண்டாம்.

குன்னூர் வாசகர்: பிறகு மூன்று எப்படி வந்தது? கிரீடம் எதற்கு? எங்கள் அன்பியத்தில் (பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் குழு) இதற்காகவே இரண்டு பேர் பேசிக்கொள்வதில்லை.

பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் என்ற நறுமணப் பிசின் எனக் காணிக்கை மூன்று. ஆளுக்கு ஒன்று என்று கணக்குப் போட்டுவிட்டார்கள். உரோமை நிலத்தடிக் கல்லறை ஓவியங்களில் ஓரிடத்தில் இருவர், இன்னோரிடத்தில் நால்வர். கிரீடம் விவிலியத்தின் திருப்பாடல் 72 தந்தது; அங்கே அரசர்கள் காணிக்கையோடு வருகிறார்கள். ஒட்டகம் அதே விவிலியத்தின் எசாயா நூல் 60ஆம் அதிகாரத்திலிருந்து வந்தது. மத்தேயு சொல்வது கிழக்கிலிருந்து வந்த ஞானிகளை. பழைய மொழிபெயர்ப்பில் சாஸ்திரிகள். அந்த இருவரையும் பேசச் சொல்லுங்கள், இருவர் பக்கமும் பாதி நியாயம் இருக்கிறது.

அதே வாசகர்: அப்படியானால் கிறிஸ்துமஸ் இரவே அவர்களைக் குடிலில் வைப்பது தவறா?

தவறு என்று சொல்லமாட்டேன், அவசரம் என்பேன். மத்தேயு 2:11இல் அவர்கள் நுழைவது வீட்டுக்குள். எங்கள் வீட்டில் அவர்களின் பொம்மைகளை ஜன்னல் திட்டின் கோடியில் நிறுத்தி, குடிலை நோக்கித் தினமும் ஒரு சாண் நகர்த்துவோம். காது உடைந்த ஒட்டகம் கடைசியாகத்தான் வரும்.

கூடலூர் வாசகர்: அரசர்கள் மூன்று பேர்தானே?

மேலே படியுங்கள்.

ஊட்டி வாசகர்: குடிலுக்குச் சோலைக்காட்டுப் பாசி எடுக்கலாமா?

வனத்துறையைக் கேளுங்கள். நானென்றால் காய்ந்த சைப்ரஸ் தழையோடு நிறுத்திக்கொள்வேன்.

அருவங்காடு வாசகர்: விழா ஜனவரி 6ஆ, ஞாயிறா?

மரபுப்படி 6. நம் நாட்டுக் கத்தோலிக்கருக்கு ஜனவரி 2 முதல் 8க்குள் வரும் ஞாயிறு. உறைபனிக் காலம், முதல் பூசைக்குப் போகிறவர்கள் படிக்கட்டில் பார்த்துக் கால் வையுங்கள்.

வெலிங்டன் வாசகர்: மூன்று அரசர்களில் மூத்தவர் யார்?

மறுபடியும் அரசர்களா! பொம்மை விற்கும் கடைக்காரரைக் கேளுங்கள்.